அம்மாவின் பாதம்

முடக்குவாதம் என்றால் எல்லாரும் கைவிரலைத்தான் பார்க்கிறார்கள். அம்மாவுக்குப் பாதம்தான் பெரிய தொல்லை. பெருவிரல் சாய்ந்து பக்கத்து விரலை ஏறி மிதிக்கும். மற்ற விரல்கள் மடங்கி மேலே தூக்கிக்கொண்டதில் உள்ளங்காலின் கொழுப்பு மெத்தை முன்னால் நகர்ந்துவிட்டது. எலும்பு முனை நேராகத் தரையில் குத்தும். வீட்டுக்குள் நடப்பதே கூழாங்கல் மேல் நடப்பது மாதிரி என்பார்.

ஆபரேஷனில் பெருவிரல் அடிமூட்டைத் தகடும் திருகும் வைத்து அசையாமல் இணைத்துவிட்டார்கள். "அசையலேன்னா எப்படிப்பா நடக்கிறது?" என்று அம்மா. வலியே அந்த அசைவில்தான். மற்ற நான்கிலும் எலும்பு முனைகளை எடுத்துவிட்டு, விரல் நுனி வழியே மெல்லிய கம்பி. எலும்பு முனைகளை எடுப்பது ஹாஃப்மன் என்ற அறுவை மருத்துவர் 1912-லேயே எழுதிய முறை! மூட்டு அவ்வளவு கெடாதவர்களுக்கு இப்போது எலும்பை வெட்டிச் சற்றே குட்டையாக்கி, மூட்டைக் காப்பாற்றுகிறார்கள்.

கால் ஆபரேஷனுக்குக் கழுத்து எக்ஸ்ரே எதற்கு என்று குழம்பினேன். இந்த நோய் கழுத்தெலும்பையும் தளர்த்துமாம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். அப்புறம், முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை ஆபரேஷனுக்காகப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை, நோய் எதிர்ப்பை அடக்கும் பயாலஜிக் ஊசியைத்தான் தள்ளிப்போடுவார்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கம்பியை ஓ.பி.யிலேயே உருவினார்கள். அம்மா அசரவில்லை. எனக்குத்தான் தலை சுற்றி, நர்ஸ் நாற்காலி போட்டார்.