நெருக்கடியான ஆபீஸ்: ஜெர்மனியில் பேப்பர் போடுமுன்

ஜெர்மனியில் புது வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே "நாற்காலியைப் பின்னால் தள்ளினால் அடுத்தவர் மேல் இடிக்கிறது, பேப்பர் போட்டுவிடலாமா" என்று கேட்பவர்கள் நிறைய. தாராளமாக ராஜினாமா செய்யலாம். ஆனால் அவசரத்தில் போட்டால் விசாவில் சிக்கல் வரும். முதலில் ஒரு டேப் எடுத்து அறையை அளந்துவிடுங்கள். இங்கே நெருக்கடிக்கும் கணக்கு உண்டு.

ஜெர்மனியின் பணியிட விதித் தொகுப்பான ஏஎஸ்ஆரில் ஏ1.2 என்ற விதி சொல்வது இது: அறையில் முதல் இருக்கைக்குக் குறைந்தது 8 சதுர மீட்டர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 6. ஆக, 20 சதுர மீட்டர் அறையில் மூன்று பேர் உட்காரலாம். நாலாவது மேசையைப் போட 26 வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தலைக்கு 12 கன மீட்டர் காற்றும் வேண்டும். கூரை 2.5 மீட்டர் என்றால் இதே அறையில் 50 கன மீட்டர், நாலு பேருக்குப் போதும். அதனால் காற்றுக் கணக்கைக் காட்டி யாராவது சமாளித்தால் தரைக் கணக்கைக் கேளுங்கள்.

மொத்தப் பரப்பு சரியாக இருந்தும் மூச்சு முட்டுவது வேறொரு இடத்தில். மேசைக்கு முன்னால், நாற்காலி நகர, 1.5 சதுர மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அகலமும் ஆழமும் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த இடம் பக்கத்து இருக்கைக்காரரின் இடத்தோடோ, நடைவழியோடோ, அலமாரிக் கதவு திறக்கும் இடத்தோடோ கலக்கக் கூடாது. ஃபைல் எடுக்க ஒருவர் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் எழுந்து நிற்க வேண்டியிருந்தால், தப்பு அங்கேதான். சொந்த மேசைக்குப் போகும் இடுக்கு 60 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

காற்றில் கரியமில வாயு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும்; 2000க்கு மேல் போவதை விதி ஏற்பதில்லை. குளிர்காலத்தில் ஜன்னலை யார் திறப்பது என்பது தனிச் சண்டை.

ஏஎஸ்ஆர் நேரடிச் சட்டமல்ல. அதே பாதுகாப்பை வேறு வழியில் தருவதாகக் கம்பெனி காட்டலாம். ஆகவே அளவு, படம் இரண்டையும் மெயிலில் வைத்து மேனேஜருக்கும், இருந்தால் தொழிலாளர் குழுவான பெட்ரீப்ஸ்ராட்டுக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாநிலத் தொழில் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்ய உரிமை உண்டு, அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் முதல் ஆறு மாதத்தில் காரணமே சொல்லாமல் கம்பெனி உங்களை அனுப்பிவிட முடியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கிளம்பத்தான் வேண்டும் என்றால், முதலில் விசா அட்டையோடு தந்த கூடுதல் தாளைப் பாருங்கள். அதில் கம்பெனி பெயர் எழுதியிருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வராமல் புது இடத்தில் சேராதீர்கள். உயர்தகுதி வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதியான ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் மாறினால், அந்த அலுவலகம் மாற்றத்தை 30 நாள் வரை நிறுத்திவைத்துச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்த 2 வாரத்துக்குள் நீங்களே அந்த அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

புது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே பேப்பர். சோதனைக் காலத்தில் பொதுவாக 2 வார நோட்டீஸ் போதும், எந்த நாளிலிருந்தும் எண்ணலாம். மெயிலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பிய ராஜினாமா செல்லாது. தாளில் பேனாவால் கையெழுத்திட்டு, நேரில் கொடுத்து, பெற்றதற்கு நகலில் தேதியோடு ஒப்பம் வாங்குங்கள். தானாக விட்டால் வேலையில்லாக் காலப் பணம் 12 வாரம் நிற்கும் என்று பயமுறுத்துவார்கள். 12 மாதம் வேலையின்மைக் காப்பீடு கட்டியிராத புதியவருக்குப் பெரும்பாலும் அந்தப் பணத்துக்கே தகுதி இல்லை. கையிருப்பைக் கணக்கிட்டே நகருங்கள்.

கிளம்பும்போது வேலைச் சான்றிதழை எழுதிக் கேட்டு வாங்குங்கள். புது இடத்தில் ஒப்பந்தம் போடுமுன் உட்காரப்போகும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். மேசையைப் பகிரும் முறை என்றால், எத்தனை பேருக்கு எத்தனை மேசை, எல்லோரும் ஒரே நாளில் வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று கேளுங்கள்.