மாரிக்கு முன் இரண்டு ரயர், அறுவடைக்குப் பின் இரண்டு

வன்னியில் காருக்கு ரயர் தேவைப்படுகிற மாதமும் கையில் காசு புழங்குகிற மாதமும் ஒன்றாக வருவதில்லை. காலபோக நெல் வெட்டிக் காசு கைக்கு வர மாசி, பங்குனி ஆகிவிடும். ரயரின் பிடி தேவைப்படுவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். இந்த இடைவெளியில்தான் பலர் நான்கு மட்டமான ரயரை ஒரேயடியாக வாங்கிப் போடுகிறார்கள், அல்லது மொட்டை ரயரோடு மாரியைக் கடத்தப் பார்க்கிறார்கள். காசு குறைவென்றால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், தரத்தைக் குறைக்கக் கூடாது. புரட்டாதியில் நல்ல ரயர் இரண்டு, பங்குனியில் இன்னும் இரண்டு என்று பிரித்து வாங்கும் வழி இது.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துவிட வேண்டும். ரயரின் முகத்தில் ஓடும் பள்ளமான காடிக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். தரையில் படும் முகம் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ரயர் முடிந்தது. ஆனால் மழைக்கு அந்த எல்லை போதாது. காடியின் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால், ஏ9 போன்ற காப்பெற் வீதியில் தேங்கிய தண்ணீரை காடி வெளியே தள்ள முடியாமல் ரயர் தண்ணீருக்கு மேல் மிதக்கத் தொடங்கும். கருவி தேவையில்லை. தீக்குச்சியைக் காடிக்குள் நிறுத்தி, முகத்தோடு சேரும் இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அடிமட்டத்தில் பாருங்கள். ஒரு ரயருக்கு உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து, நான்கு சில்லுக்கும் ஸ்பெயார் சில்லுக்கும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். உள் ஓரத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ஸ்ரியரிங்கை முழுதாக ஒரு பக்கம் வெட்டி வைத்தால்தான் முன் சில்லின் உள் ஓரம் கண்ணுக்குத் தெரியும். வெளியே 4 மில்லிமீற்றர் இருக்க உள் ஓரத்தில் றப்பருக்கு அடியிலுள்ள நூல் தெரிகிற ரயர்கள் நிறைய ஓடித் திரிகின்றன.

தேய்ந்த விதத்தையும் அந்தத் துண்டிலேயே குறியுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சில்லு நிற்கும் கோணம் பிழை, அல்லது முன் சில்லைத் தாங்கும் மூட்டு ஏதோ ஆடுகிறது. முகத்தின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் வாள் பல் போலவும் கீறினால், சில்லு நேரே ஓடாமல் சற்றுத் திரும்பியபடி உரசி ஓடுகிறது. பள்ளமும் மேடுமாக விட்டுவிட்டுத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் போயிருக்கும். இந்தக் காரணத்தைத் திருத்தாமல் புது ரயர் போட்டால் அதுவும் இதே மாதிரித்தான் தேயும்.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க முன் சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தட்டுகிற மாதிரி ஆட்டம் தெரிந்தால், சில்லைத் தாங்கும் மூட்டான போல் ஜொயின்ட் அல்லது பெயாரிங் பிழை. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அப்படித் தெரிந்தால், ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட் முனை பிழை. வயல் கரைப் பாதையிலும் கிறவல் ரோட்டிலும் ஓடுகிற காருக்கு டை ரொட் முனைதான் பெரும்பாலும் முதலில் போகும். அதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். ஆடுகிற மூட்டோடு அலைன்மென்ட் செய்தால் கடையை விட்டு வெளியே வந்த முதல் குழியிலேயே கொடுத்த காசு போய்விடும்.

இப்போது எந்த இரண்டை மாற்றுவது என்ற கேள்வி. முன் சில்லால் இழுக்கும் சின்னக் கார்களில் முன் ரயர்கள் சீக்கிரம் தேயும், பின்னால் உள்ளவை ஓரளவு நன்றாக இருக்கும். அநேகமான கடைகளில் புதியதை முன்னுக்குப் போடச் சொல்வார்கள். ரயர் தயாரிப்பவர்கள் சொல்வது நேர்மாறாக: புதிய சோடி பின்னுக்கு, ஏற்கெனவே இருந்ததில் நல்ல சோடி முன்னுக்கு. முன் சில்லு தண்ணீரில் பிடி விட்டால் கார் நேரே போகப் பார்க்கும், ஸ்ரியரிங் இலேசாவது கைக்குத் தெரியும், அக்சிலேற்றரில் காலை எடுத்தால் பிடி திரும்பி வரும். பின் சில்லு விட்டால் எச்சரிக்கை இல்லை, கார் தானாகச் சுழன்று குறுக்கே நிற்கும், எதிரே வருவது லொறியோ பஸ்ஸோ தெரியாது. இரவில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் மாடு குறுக்கே வந்து பிறேக் அடிக்கிற தருணத்தில் இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் முன்னுக்கு வரும் பழைய சோடியில் 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரயர்த் திட்டம் சரிவராது. முன்னுக்கு நல்ல பாவித்த சோடி ஒன்றும் தேட வேண்டியிருக்கும்.

பாவித்த ரயர் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. புதிய கார் ரயரில் சுமார் 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். மழைக்கான எல்லையை 3 என்று வைத்தால் பாவிக்கக் கிடைப்பது 5. பாவித்த ரயரில் 4.5 இருந்தால் கிடைப்பது 1.5 தான், புதியதின் பத்தில் மூன்று பங்கு. ஆகவே புதியதின் பாதி விலைக்கு அதைக் கொடுத்தால் அது மலிவு இல்லை. பத்தில் மூன்று பங்குக்கும் கீழே வந்தால் யோசிக்கலாம். ரயர் மாற்றும் கூலி, வால்வ், ஈயம் வைத்துச் சில்லைச் சமப்படுத்தும் பலன்ஸ் எல்லாம் இரண்டுக்கும் ஒரே செலவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்குவதென்றால் ரிம்மில் பூட்டாத ரயரைத்தான் வாங்க வேண்டும், உள்ளே பார்க்க வேண்டுமே. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் ஆண்டும். 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், திருப்பிப் பாருங்கள். பாவித்ததில் ஆறு வருடம் தாண்டியதை எடுக்க வேண்டாம், காடி எவ்வளவு இருந்தாலும். வன்னி வெயிலில் நிற்கிற றப்பர் ஓடாமலே இறுகிப்போகும். கறுப்புப் பொலிஷ் பளபளத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முழங்காலை ஊன்றிப் பக்கச்சுவரை வளையுங்கள், மறைந்திருந்த வெடிப்பு வாய் திறக்கும். உள்ளே கையை விட்டுச் சுற்றித் தடவுங்கள். றப்பர்த் தூள் ஒட்டினாலோ, பக்கச்சுவரின் உட்புறம் வளையமாக உரசியிருந்தாலோ, காற்றில்லாமல் ஓடிய ரயர் அது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்நூல் அறுந்திருக்கும். ஒட்டு என்றால், அது முகத்தின் நடுப்பகுதியில், 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஓட்டைக்கு, உள்ளிருந்து போட்டதாக இருந்தால் பரவாயில்லை. பக்கச்சுவரில் ஒட்டு இருந்தால் வேண்டாம்.

இன்னொரு ஏமாற்று, தேய்ந்த ரயரில் சூடான கத்தியால் காடி வெட்டி ஆழமாக்குவது. அடியில் இருக்க வேண்டிய 1.6 மில்லிமீற்றர் மேடு காணாமல் போயிருக்கும், அல்லது நடுவே வெட்டுப்பட்டிருக்கும். காடியின் அடித்தளம் சீராக இல்லாமல் கோணலாகப் போகும். கார் ரயரில் அப்படி வெட்ட றப்பர் இல்லை, கத்தி நூலைத் தொட்டிருக்கும். மேல் றப்பரைப் புதிதாக ஒட்டிய ரீபில்ட் ரயர் லொறிக்கும் ட்ரெய்லருக்கும் சரி. கார் பாரம் குறைந்தது என்றாலும் வேகமும் வெப்பமும் வேறு, அதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரியூப் இல்லாத ரயர் கிழிந்தால் உள்ளே ரியூப் போட்டு ஓட்டுவதும் அப்படியே. உரசிச் சூடேறும் ரியூப் வெடித்தால் காற்று ஒரே நொடியில் போகும். ஒட்டுக்கடை வரை போக மட்டும்தான் அது உதவும்.

புதியது வாங்கும்போது ஓட்டுநர் பக்கக் கதவடியில் உள்ள ஸ்ரிக்கரில் இருக்கிற அளவைத்தான் கேட்க வேண்டும். வகன் ஆர் காருக்கு 155/65 ஆர்14 என்று இருந்தால், அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதன் 65 வீதம், ரிம் 14 அங்குலம். அந்த அளவு இல்லையென்று கடைக்காரர் வேறொன்றைத் தந்தால் முழு விட்டத்தைக் கணக்கிடுங்கள். 155ஐ 0.65ஆல் பெருக்கி இரட்டித்தால் 201.5, ரிம் 355.6, மொத்தம் 557 மில்லிமீற்றர். 165/60 ஆர்14 என்றால் 553.6, ஒரு வீதத்துக்கும் குறைந்த வித்தியாசம்தான். 165/65 ஆர்14 என்றால் 570, இரண்டு வீதத்துக்கு மேல். மூன்று வீதத்தைத் தாண்டக் கூடாது, ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டும்போது எங்கும் உரசவும் கூடாது. கணக்குச் சரிவந்தாலும் உள்வீதிக்கு பக்கச்சுவர் குறைந்த ரயர் கூடாது. மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்து கிறவல் கிளைவீதிகளில் கூர்க்கல்லும் மதகின் உடைந்த ஓரமும் ரிம்மோடு சேர்த்து நசுக்கும்.

அளவுக்குப் பின்னால் வரும் 75எஸ் போன்ற குறியில், எண் சுமையையும் எழுத்து வேகத்தையும் காட்டும். 75 என்றால் ஒரு ரயர் 387 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர். கார் ஸ்ரிக்கரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டாம், நாலு பேரோடு இரண்டு நெல் மூட்டையும் ஏற்றுகிற இடம் இது. எழுத்தில் கார்க் கம்பனி கேட்டதற்கு மேலே போய் காசு கொடுப்பதில் பயனில்லை. மீதிக் காசுக்கு நல்ல பெயருள்ள கம்பனியின் சாதாரண வகையே போதும். இலங்கையிலேயே செய்யப்படும் சியெட் போன்றவற்றில் திகதி புதிதாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். புதிதென்று விற்பதிலும் திகதியைப் பாருங்கள், இரண்டு வருடம் கடையில் கிடந்ததற்கு விலை குறைக்கக் கேட்கலாம். ஒரே அச்சில் போடும் இரண்டும் ஒரே கம்பனி, ஒரே வகையாக இருக்க வேண்டும்.

ஸ்பெயார் சில்லு முழு அளவாக, ஓடாமல், திகதி ஆறு வருடத்துக்குள் இருந்தால் அதே வகையில் ஒன்றை மட்டும் வாங்கிச் சோடி சேர்க்கலாம். கழற்றிய நல்ல ரயர் ஸ்பெயாருக்குப் போகும். ஒரு ரயரின் காசு மிச்சம். குட்டி ஸ்பெயார் என்றால் இந்த வழி இல்லை. அதற்கு 60 பிஎஸ்ஐ காற்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதில் மணிக்கு 80க்கு மேல் ஓடக் கூடாது.

முள்ளியவளையிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போவதென்றால் எண்ணெய்ச் செலவும் இருக்கிறது, ஆகவே ரயர், பலன்ஸ், அலைன்மென்ட் மூன்றும் ஒரே இடத்தில் செய்கிற கடையாகத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள். போகும் முன் சில்லின் உட்பக்கத்தைக் கழுவுங்கள். ரிம்மின் உள்விளிம்பில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் பலன்ஸ் மெசின் அந்தச் சேற்றுக்கும் சேர்த்து ஈயம் போடும். சேறு உதிர்ந்த மறுநாள் ஸ்ரியரிங் நடுங்கும். மாரியில் 80க்கு மேலே நடுக்கம் வந்தால் முதலில் தண்ணீர் அடித்துப் பாருங்கள், காசு செலவில்லாமல் பாதித் தடவை சரியாகும்.

பழைய ரயரைக் கழற்றியதும் ரிம்மை நிறுத்திச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு ரிம்மின் விளிம்பு நெளிந்திருந்தால் தட்டி எடுக்கலாம், அலோய் ரிம்மில் வெடிப்பு இருந்தால் ஒதுக்க வேண்டியதுதான். ரயர் உட்காரும் விளிம்பில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரத்துக்கு வாரம் காற்று இறங்கும். றப்பர் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். செலவில் இதுதான் மிகச் சின்னது, விட்டால் பிறகு அடியில் வெடித்து ரயரைத் திரும்பக் கழற்ற வைக்கும். பக்கச்சுவரில் ரொட்டேஷன் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசையில் இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேரே வந்தால் பலன்ஸ் ஈயம் குறையும்.

நட் முடுக்கும்போது காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி விடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கடைசி இறுக்கம் கையால், எதிரெதிர் நட்டாக வர வேண்டும். சுசுகி சின்னக் கார்களுக்கு 85 நியூட்டன் மீற்றர், டொயோட்டாவுக்கு 103 என்பது அநேகமான மொடல்களுக்குப் பொருந்தும். நட் தொலைந்து வேறு காரின் நட்டைப் போடும்போது கவனம்: சுசுகியின் மரை இடைவெளி 1.25 மில்லிமீற்றர், டொயோட்டாவினது 1.5. இரண்டு சுற்று ஏறும், பிறகு மரை வழுகும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

புது ரயர் பின்னுக்குத்தானே போகிறது, அலைன்மென்ட் எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். பங்குனி வரை தாக்குப்பிடிக்க வேண்டியவை முன்னால் உள்ள பழைய இரண்டும்தான். அலைன்மென்ட் செலவு ஒரு ரயர் விலையில் சிறு பங்கு. பிறகு காற்று: காலையில் கார் ஓடாத நேரத்தில், ஸ்ரிக்கரில் உள்ள அளவுக்கு. வெயிலில் ஓடி வந்த ரயரில் 4 பிஎஸ்ஐ வரை கூடிக் காட்டும், அதைத் திறந்து விடக் கூடாது. முதல் 200 கிலோமீற்றருக்குக் கடும் பிறேக்கும் வேகமும் வேண்டாம், அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு தேய வேண்டும்.

கழற்றிய மொட்டை ரயர்களைக் கடையிலேயே விட்டு விலையில் ஏதாவது கழிக்கக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வேலியோரம் போட்டால் மழைத் தண்ணீர் நின்று டெங்கு நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றமும்கூட. பூமரம் நடுவதென்றால் அடியிலும் ஓரத்திலும் ஓட்டை போட்டு மண் நிரப்பி விடுங்கள்.

பற்றுச்சீட்டில் அளவு, வகை, திகதி இலக்கம் மூன்றையும் எழுதி வாங்கி, டாஷ்போட்டில் வைத்திருங்கள். நெல் விற்றதும் அதே வகையில் அடுத்த சோடி வாங்கிப் பின்னுக்குப் போட்டு, புரட்டாதிச் சோடியை முன்னுக்கு மாற்றினால், அடுத்த மாரிக்கும் ஆழம் கூடிய சோடி பின்னுக்கே இருக்கும்.