இரவில வீட்டை விடுவினமோ?

லண்டன் பொலிஸில் சேரப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “இரவில வீட்டை விடுவினமோ?”

யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பற்றித்தான் அப்படிக் கேட்பார்கள். பொலிஸ் என்றதும் அம்மாவின் வாயில் தன்பாட்டில் வருகிற கேள்வி அது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விண்ணப்பிக்க முதல் நானும் அதையேதான் தேடிப் பார்த்திருந்தேன். எனக்கு 37 வயது, இரண்டு பிள்ளைகள், இவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. பயிற்சிக்குத் தங்கத்தான் வேண்டும் என்றிருந்தால், படிவத்தை மூடிவிட்டு ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியருக்கு உதவியாளராகவே இருந்திருப்பேன்.

தங்கத் தேவையில்லை. லண்டன் பொலிஸாரின் பயிற்சி நிலையம் ஹெண்டனில் இருக்கிறது. 1934இல் ட்ரென்சார்ட் பிரபு தொடங்கிய கல்லூரியின் இடம். முன்பு மாணவர்கள் தங்குவதற்கென்றே அங்கே உயரமான கட்டடங்கள் நின்றன. இப்போது அவை இல்லை. பழைய வளாகத்தில் பெரும்பகுதி அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. காலையில் கென்டனில் 183 பஸ் எடுத்து, இறங்கி மிச்சத்தை நடந்தால் சரி.

லண்டனுக்கு வெளியேயும் 2006 வரை புதியவர்கள் வாரக்கணக்கில் தங்கித்தான் படித்தார்கள். வொரிங்டனுக்குப் பக்கத்தில் புரூச், கென்ட்டில் ஆஷ்ஃபோர்ட், கொவென்ட்ரிக்குப் பக்கத்தில் ரைட்டன் என்று நிலையங்கள். பிறகு அந்தந்தப் பொலிஸ் படையே தன் ஊரில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. ஆனால் ஸ்கொட்லாந்தில் டுலியாலன் கோட்டையில் இன்னும் தங்கிப் படிக்கிறார்கள்.

புரூச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003இல் பிபிசி செய்தியாளர் ஒருவர் அங்கே மாணவராகச் சேர்ந்து, சக மாணவர்களின் இனவெறிப் பேச்சை இரகசியமாகப் படம் பிடித்து வெளியிட்டார். சிலர் பதவி விலகினார்கள். வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பவர்கள் அறைக்குப் போனதும் வேறு ஆட்கள். அந்த அறைகளில் என்னைப் போல ஒருத்தி பதினைந்து கிழமை படுத்தெழும்பியிருப்பாளா? எனக்குச் சந்தேகம்தான். பின்னேரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிற ஆள் கொஞ்சம் யோசித்துக் கதைப்பான் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை.

சேருகிற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேலை செய்துகொண்டே மூன்று வருடத்தில் பட்டம் எடுக்கிற வழி ஒன்று. ஏற்கனவே பட்டம் உள்ளவர்களுக்கு இரண்டு வருட வழி ஒன்று. 2024இல் வந்தது பட்டமே வேண்டாத இரண்டு வருட வழி. நான் எடுத்தது அதுதான். மூன்றிலும் முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு. ‘ஸ்பெஷல் கொன்ஸ்டபிள்’ என்றால் வேலையை விடாமல் ஓய்வு நேரத்தில் செய்யலாம். அதிகாரம் அதேதான், சம்பளம் கிடையாது. வீட்டு வாடகை கட்டுகிற எனக்கு அது சரிவரவில்லை. அப்புறம் ஓட்டச் சோதனை. 15 மீற்றர் தூரத்தை பீப் சத்தத்துக்கு ஏற்ப ஓடி ஓடித் திரும்பி, 5.4 என்ற நிலையை எட்ட வேண்டும். மூன்றரை நிமிடக் கதை. பயப்பட வேண்டாம், ஆனால் பழகாமல் போகவும் வேண்டாம்.

வீட்டிலிருந்து போய்வருவது சுகம் என்று நினைத்தேன். எங்கள் பயிற்றுநர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் தங்கிப் படித்தவர். இரவில் ஒருவர் சேர்ட்டை மற்றவர் அயர்ன் பண்ணிக் கொடுத்து, சட்டப் பிரிவுகளை மாறி மாறிக் கேட்டுப் பாடமாக்கினார்களாம். எனக்கு யார் கேட்பது? பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுப்பேன். ஒருவரை மறித்துச் சோதிக்க முதல் சொல்ல வேண்டிய எட்டு விஷயங்களுக்கு ‘கோ வைஸ்லி’ (GO WISELY) என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது, எழுத்துக்கு ஒன்று. ஒருநாள் “யூ ஆர் டிடெய்ன்ட்” (உங்களைத் தடுத்து வைத்திருக்கிறேன்) என்று கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனுசி எழும்பி முன்னுக்குப் போய்விட்டா.

சீருடையோடு பஸ் ஏறும் நாட்களில் மேலே சாதாரண ஜக்கெட் போட்டுக் கழுத்துவரை ஸிப்பை இழுத்துவிடுவேன். கடையில் தமிழ் ஆட்கள் சப்பாத்தைப் பார்த்துவிட்டு “செக்கியூரிட்டி வேலையோ தங்கச்சி?” என்பார்கள். ஓம் என்றுவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால் நான் பயிற்சியில் இருக்கிறேன் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. புட்டு அவிப்பதும் நான்தான், கணக்கு வீட்டுப்பாடம் பார்ப்பதும் நான்தான். கைவிலங்கு போடப் பழகிய நாட்களில் மணிக்கட்டு வீங்கி, தேங்காய் துருவ முடியாது. இவர் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது, நடைபாதையில் மறித்து “எந்த அதிகாரத்தில் மறிக்கிறேன் தெரியுமோ?” என்று ஒப்பிப்பேன். மனுசன் நித்திரைத் தூக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிவிடுவார்.

1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் முதல் பிரிவு மட்டும் வீட்டில் எல்லோருக்கும் பாடம். பிறருடைய பொருளை, நிரந்தரமாக அவருக்கு இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு, நேர்மையின்றி எடுத்தால் திருட்டு. சமைத்துக்கொண்டே சொல்லிச் சொல்லி, சின்னவனுக்கு ஏறிவிட்டது. அக்காவின் சார்ஜரை எடுத்துப் பிடிபட்டபோது சொன்னான்: “திருப்பித் தருவன். அப்ப களவு இல்லை.” ஏழு வயது. சோதனையில் என்னைவிட நல்ல மார்க்ஸ் எடுத்திருப்பான்.

வகுப்பு முடிந்துவிட்டது. இப்போது மூத்த கொன்ஸ்டபிள் ஒருவரோடு தெருவில். போன கிழமை முதல் தடவையாக இரவு முறை வந்தது. அம்மா சோற்றுக் கோப்பையை மூடி என் கையில் தந்துவிட்டு, வாசலில் நின்று கேட்டா:

“விடிய எத்தனை மணிக்கு விடுவினம்?”