நேத்து ஊத்துன பால்

"ஏண்டா தம்பி, இப்பதானே ஊத்துனேன்? நேத்து தேதி போட்ருக்கு!"

சித்தப்பா பால் சொசைட்டி சீட்டை நீட்டினார். நேரம் 23:42. வெளியே விடியவே இல்லை, மணி 5:12.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. சீட்டு அடிக்கிற சாஃப்ட்வேரின் சர்வர் யுடிசி நேரத்தில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் காலை 5:30க்குள் பதிவாவதெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும்.

பஞ்சாங்கத்துக்கும் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். ஆனால் பால் பணம் பட்டுவாடா பண்ணுகிறவர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே.

பத்து மணிக்கு ஆபீஸ் வந்து அந்த சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணுகிறவர் கண்ணில் இது படவே படாது. மன்னார்குடிப் பக்கம் அதற்குள் மாடு கறந்து, கட்டுத்தறி கூட்டி, டீயும் குடித்தாகிவிடும்.

யுடிசியில் சேமிப்பது தப்பில்லை. சீட்டு அடிக்கும்போதும், நாள் கணக்கு கூட்டும்போதும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றணும். அதையும் கையால் 5:30 கூட்டிச் செய்யாமல், 'ஏசியா/கொல்கத்தா' என்று இந்திய நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்து, நேரம் மாற்றவென்றே எழுதி வைத்திருக்கும் ரெடிமேட் கோடான லைப்ரரியிடம் விடுங்கள். எப்போதும் 5:30 என்று நம்ப முடியாது: 1942 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், இந்திய நேரமே யுடிசிக்கு 6:30 முன்னால் இருந்தது.

பிறந்த தேதியை மட்டும் தயவுசெய்து யுடிசிக்கு மாற்றாதீர்கள். அது வெறும் தேதி. நள்ளிரவு 12 மணி என்று வைத்து மாற்றினால், குழந்தை ஒரு நாள் முன்னாடியே பிறந்துவிடும்.