கீசர் தண்ணி மட்டும் நூலா வருதா?
பச்சத்தண்ணி பைப்ல நல்லா கொட்டுது, கீசர் தண்ணி மட்டும் நூலா வருதுன்னா டேங்க்கையும் மோட்டாரையும் திட்டி பிரயோஜனம் இல்ல, அடைப்பு சுடுதண்ணி லைன்லதான் எங்கயோ இருக்கு. போர் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி, சூடாக சூடாக அது வெள்ளையா படியும், அதான் இந்த லைன் மட்டும் மாட்டிக்குது.

எங்க வீட்டுக்கு வந்த பிளம்பர் அண்ணன் முதல்ல ஷவரை கழட்டி பார்த்தாரு, அப்புறம் கீசருக்கு கீழ ஆங்கிள் காக் (தண்ணிய திறந்து மூடற குட்டி வால்வு) ஃபுல்லா திறந்திருக்கான்னு (பாதி வீட்ல மேட்டரே இதுதானாம்), அப்புறம் ரெண்டு ஹோஸ், கடைசியா இன்லெட்ல இருக்கற சேஃப்டி வால்வு. அதுலதான் மண்ணும் சுண்ணாம்பும் கெட்டியா உக்காந்திருந்துச்சு, கழுவி மாட்டினதும் பழைய ஃபோர்ஸ் வந்துடுச்சு. அந்த வால்வே வேணாம், நேரா ஹோஸ் மாட்டிடலாம்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க ப்ளீஸ், உள்ள பிரஷர் ஏறினா வெளிய விடறதே அதுதான்.

கை வைக்கறதுக்கு முன்னாடி சுவிட்ச் மட்டும் பத்தாது, எம்சிபியையும் (கரன்ட் போர்டுல இருக்கற பிரேக்கர் சுவிட்ச்) ஆஃப் பண்ணி தண்ணிய ஆற விடுங்க.

டேங்க்குக்கு நேர் கீழ் மாடில இருக்கறவங்களுக்கு கதை வேற, டேங்க் தண்ணி 10 மீட்டர் உசரத்துல இருந்தாதான் 1 பார் (பிரஷரை அளக்கற யூனிட்) பிரஷரே வரும், அங்க ரெண்டு தண்ணியும் மெதுவாதான் வரும், பூஸ்டர் பம்ப்தான் வழி.