உப்பளத்தில் வீடு கட்டிய என் மாடல்

போன மாதம்தான் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. பள்ளிக்கரணையிலிருந்து கேளம்பாக்கம் வரை 2030-இல் எங்கெல்லாம் கட்டடம் வரும் என்று நிலப்பயன்பாட்டு மாடல் போட்டுக் காட்டுவது என் முதுகலைத் திட்டவேலை. மாடல் ஓடியது என்னவோ இருபது நிமிடம்தான். அதற்குள் போட வேண்டியதைச் சேர்க்கவும், தப்பாகப் போட்டதைப் பிடுங்கி எடுக்கவும்தான் எட்டு மாதம் போனது. க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்), மார்க்கோவ், செல்லுலார் ஆட்டோமேட்டா (இரண்டும் நிலம் எப்படி மாறும் என்று கணிக்கும் முறைகள்) எல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், அடிப்படைப் பாடமெல்லாம் இதில் கிடையாது.

மாடல் பழைய மாற்றத்தைக் கற்றுக்கொள்ள 2000, 2010, 2020 வாக்கில் எடுத்த மூன்று செயற்கைக்கோள் படங்கள் வேண்டும். இறக்குவது இலவசம், எளிது. ஒரே ஒரு எச்சரிக்கை. லேண்ட்சாட் 7-இன் ஸ்கேன் திருத்தும் கருவி 2003 மே மாதம் கெட்டுப்போனது, அதற்கப்புறம் வந்த படங்களில் வரிவரியாகக் கிழித்த மாதிரி இடைவெளி இருக்கும். நான் அதைப் பார்க்காமல் 2010-க்கு அதையே இறக்கி, ஒவ்வொரு பிக்சலும் நீரா, தரிசா, கட்டடமா என்று ஒரு வாரம் வகைப்படுத்திவிட்டு, பிறகு லேண்ட்சாட் 5-க்கு மாறினேன்.

பெரிய அடி அடுத்துதான் விழுந்தது. மேகம் இல்லாமல் பளிச்சென்று இருக்கிறதே என்று கடைசிப் படமாக 2019 மே மாதத்தை எடுத்தேன். அந்தக் கோடையில் சென்னையில் ஏரிகள் எப்படி வறண்டு கிடந்தன என்று ஊரே பார்த்தது. என் முதல் படம் 2000 ஜனவரி, ஏரியெல்லாம் ததும்பிய சமயம். மாடலுக்குப் பருவம் தெரியுமா? "இருபது வருடத்தில் நீர் தரிசாகிக்கொண்டே வருகிறது" என்று கற்றுக்கொண்டு, 2030-இல் மிச்ச ஏரிகளையும் தரிசாக்கி, அதில் பாதியில் வீடும் கட்டிவிட்டது. நான் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து கைடிடம் ஓடினேன். மேடம் கேட்டது ஒரே கேள்வி: "மூணு படமும் ஒரே மாசமாம்மா?" மறுபடி 2020 ஜனவரிப் படம், மறுபடி வகைப்படுத்தல்.

அதிலும் உப்பளம் மாட்டிக்கொண்டது. கேளம்பாக்கம் பக்கம் பாத்தியில் உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடக்கும்போது, படத்தில் அது கான்கிரீட் மாதிரியே பளபளக்கிறது. கடற்கரை மணலும் அப்படித்தான். என் வரைபடத்தில் முட்டுக்காடு தாண்டி ஒரு நகரமே முளைத்திருந்தது. ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய நாலு கிரவுண்டு. நாலைந்து பிக்சல் தப்பினாலே ஒரு தெரு வந்துவிடும். உப்பளத்துக்கும் மணலுக்கும் தனித்தனி வகுப்பு வைத்துவிடுங்கள், முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு போய் நேரில் பாருங்கள். நான் தரிசு என்று குறித்த ஒரு இடத்தில் சவுக்குத் தோப்பு வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகக் கதைக்கு வருகிறேன். ஏரிப் புறம்போக்கின் எல்லையை மாடலில் தடைப்பகுதியாக வைத்தால்தான் அதற்குள் வீடு வளராது. அந்த எல்லை வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். முதல் நாள், "இது இந்த செக்‌ஷன் இல்ல, மாடிக்குப் போங்க." மாடியில், துறைத்தலைவர் கையெழுத்து போதாது, முதல்வர் சீலோடு போனஃபைடு வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை சீலோடு போனால், வரைபடம் பார்ப்பவர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார். மூன்றாம் முறை அவர் இருந்தார், கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதைத் தபால்ல குடுத்துட்டுப் போங்க, கூப்பிடுவோம்" என்றார். தாம்பரத்திலிருந்து மூன்று முறை பஸ் மாறிப் போனது இதற்குத்தான். அப்புறம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முப்பது நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது: கேட்ட விவரங்கள் இணையதளத்தில் உள்ளன, சர்வே எண் வாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். உண்மைதான், எஃப்எம்பி என்கிற புல வரைபடம் அங்கே கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு தாள், அதில் அட்சரேகை தீர்க்கரேகை எதுவும் கிடையாது, பக்க அளவுகள் மட்டும்தான். நூற்றுக்கணக்கான தாள்களை ஒட்டி ஏரி செய்ய எனக்குப் பொறுமை இல்லை. கிராம வரைபடத்தை வைத்து, ஏரிக்கரை, மதகு, ரோடு சந்திப்பு இவற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக (வரைபடத்தைச் சரியான இடத்தில் பொருத்த உதவும் புள்ளிகள்) எடுத்து நானே வரைந்துவிட்டேன், நாலு நாள் ஆனது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். பழைய டோப்போஷீட்டோடு (சர்வே துறையின் நிலவரைபடம்) ஒப்பிடுகிறவர்கள் டேட்டத்தை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகைக்கு அடிப்படையான பூமி அளவை, மாற்ற மறக்காதீர்கள், பழைய எவரெஸ்ட் டேட்டத்திலிருந்து மாற்றாமல் அப்படியே போட்டால் ஏரி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி உட்காரும்.

இன்னொன்று, செம்மஞ்சேரியோடு பழைய சென்னைப் பெருநகரப் பகுதி (1,189 சதுர கிலோமீட்டர்) முடிகிறது. நாவலூர், கேளம்பாக்கம் எல்லாம் 2008-இல் ஒப்புதலான இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) வெளியே. ஆய்வுப் பகுதியை இந்த எல்லையைத் தாண்டி வரைந்தால் பாதி ஊருக்கு மண்டல வரைபடம் ஒரு மாதிரி, மீதிக்கு வேறு மாதிரி. நான் வரைந்தபிறகுதான் கவனித்தேன்.

மாடல் ஓடவே மாட்டேன் என்ற இரண்டு நாள் தனி. க்யூஜிஐஎஸ்-க்குள் மாடலை ஓட்டும் மொலஸ்க் ப்ளகின், எல்லா அடுக்கும் ஒரே அளவில் இல்லை என்று திட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் சாலைத் தூர அடுக்கில் ஒரே ஒரு நெடுவரிசை பிக்சல் அதிகம். எல்லாவற்றையும் ஒரே எல்லையில் வெட்டி, ஒரே பிக்சல் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள்.

வைவா. மாடல் கணித்த 2020-உம் உண்மையான 2020 படமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்தான் கப்பா, 1 என்றால் முழுப் பொருத்தம். அது 0.8-க்கு மேல் என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். வெளித்தேர்வாளர் நிதானமாகக் கேட்டார்: "2010 படத்தையே 2020 என்று கொடுத்திருந்தால் கப்பா எவ்வளவு வந்திருக்கும்?" அங்கேயே லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். என் மாடலை விடக் கொஞ்சம் அதிகம்! பத்து வருடத்தில் பெரும்பாலான நிலம் மாறவே மாறாது, அந்த மாறாத நிலம்தான் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்திருக்கிறது. அடுத்த கேள்வி அதைவிட மோசம்: "2000-லிருந்து படிக்கிற மாடலுக்கு இன்றைய ரோடுகளையா கொடுத்தீர்கள்?" ஆமாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து அப்படியே. அப்போது இல்லாத ரோட்டை முன்கூட்டியே காட்டிவிட்டு, மாடல் சரியாகக் கணித்தது என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அவரே ஆறுதலாக, பான்டியஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒன்பது மாடல்களை 13 இடங்களில் ஓட்டியதை ஒப்பிட்டதில், 12-இல் சரியாகக் கணித்த மாற்றத்தைவிடப் பிழைதான் அதிகம் இருந்தது என்று சொல்லி, ஒரு மாதம் திருத்தத்துக்குக் கொடுத்தார். பழைய ரோடுகளைப் போட்டு மறுபடி ஓட்டினேன். மாறிய பிக்சல்களை மட்டும் எடுத்து, எத்தனையைப் பிடித்தது, எத்தனையை விட்டது, எத்தனையைத் தப்பாகச் சொன்னது என்று எண்ணி எழுதினேன். எண் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது, ஆனால் தேறிவிட்டேன்.

பைண்டிங் முடிந்து வந்த பிரதியை நேற்று புரட்டினேன். கடைசி வரைபடத்தில் கேளம்பாக்கம் உப்பளத்துக்குள் ஏழு பிக்சல் இன்னும் வீடாகவே நிற்கிறது.