நிலுவைத் தொகையும் நினைவூட்டலும்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

கெடு தாண்டிய இன்வாய்ஸ்களை, அதாவது செய்த வேலைக்குப் பணம் கேட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பில்களை, இன்று வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று விசாரித்தேன். பணம் தரவே கூடாது என்ற எண்ணத்தில் யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. ஓரிடத்தில் கொள்முதல் ஆணை எண் (வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் ஆர்டர் எண்) இல்லாத இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவின் மென்பொருள் ஏற்கவில்லை. இன்னோரிடத்தில் வேலையை ஒப்படைத்தவர் இன்வாய்ஸைத் தம் மின்னஞ்சல் பெட்டியிலேயே விட்டுவிட்டு விடுப்பில் போயிருக்கிறார். மற்றோரிடத்தில் பணப்பட்டுவாடா மாதத்திற்கு இரண்டு முறைதான் நடக்கும், ஒரு சுற்றில் சேராத இன்வாய்ஸ் அடுத்த சுற்றுவரை காத்திருந்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் கெடுவுக்கு முன்பே கேட்டுத் தீர்த்துவிடலாம். கெடு முடிந்த பிறகு எவ்வளவு கடுமையாக எழுதினாலும் பயன் குறைவு.

எனவே நினைவூட்டல்களைத் தானாகவே போகும்படி அமைக்கப் போகிறேன். நேரம் மிச்சமாவது ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு: பணம் கேட்டு எழுத உட்காரும்போது ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிற எவருக்கும் மனம் சற்றுப் பின்வாங்கும், இன்று வேண்டாம், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று தோன்றும், அந்தத் தயக்கத்திலேயே வாரங்கள் கரையும். செய்த வேலைக்கான கூலியைக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை என்று அறிவு சொன்னாலும் கை ஓடுவதில்லை. அந்த இடத்தில் இயந்திரம் உதவட்டும்.

ஜூன் 4, புதன்

ஜோஹோ இன்வாய்ஸ், ஜீரோ, ஃப்ரெஷ்புக்ஸ், குவிக்புக்ஸ் போன்ற மென்பொருள்களில் இன்வாய்ஸ் நினைவூட்டல் வசதி ஏற்கெனவே உண்டு. அவற்றில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது. என் கணக்கு கூகுள் ஷீட்டில் இருப்பதால், ஷீட்டையும் ஜிமெயிலையும் தானாக இயக்கச் சிறு நிரல் எழுத உதவும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்வாய்ஸ் எண், கொள்முதல் ஆணை எண், அனுப்பிய தேதி, கெடு தேதி, தொகை, வந்த தொகை, வேலை தந்தவரின் முகவரி, கணக்குப் பிரிவின் முகவரி, கடைசியாகப் போன நினைவூட்டல், நிலை என்று பத்திகளைப் பிரித்தேன். கெடு தேதியைக் கையால் நிரப்பாமல், ஒப்பந்தத்தில் உள்ள நாள் எண்ணிக்கையைக் கொண்டு ஷீட்டே கணக்கிடும்படி செய்தேன். தேதிகள் எல்லாம் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கின்றன; 03/04 என்பதை ஒருவர் மார்ச் 4 என்றும் இன்னொருவர் ஏப்ரல் 3 என்றும் படிப்பார்கள், கெடு விஷயத்தில் அந்தக் குழப்பத்திற்கு இடம் தரக் கூடாது. கடிதத்திலோ மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

ஜூன் 5, வியாழன்

இன்று முழுவதும் கடித வாசகங்களில் கழிந்தது. கெடுவுக்கு ஏழு நாள் முன்பு ஒன்று, கெடு நாளுக்கு மறுநாள் ஒன்று, அதிலிருந்து ஒரு வாரம் கழித்து ஒன்று. முதல் கடிதம் இப்படி அமைந்தது:

“வணக்கம். மே 21 அன்று அனுப்பிய இன்வாய்ஸுக்கு ஜூன் 20 கெடு நாள். பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அடுத்த பணப்பட்டுவாடாவில் இது சேர்ந்திருக்கிறதா, இல்லையெனில் என்னிடமிருந்து ஏதேனும் தேவையா என்று தெரிவித்தால் உடனே அனுப்பி வைக்கிறேன்.”

இதில் பணம் கொடுங்கள் என்ற கோரிக்கையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி ஒன்றுதான் இருக்கிறது, அதற்குக் கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியும். மூன்று கடிதங்களில் இதுவே அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன், ஏனெனில் தடை எதுவானாலும் அதை நீக்க ஒரு வாரம் கையில் இருக்கிறது. “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” என்ற வரியைப் பலர் பழக்கத்தால் சேர்க்கிறார்கள். அதை மூன்று கடிதங்களிலிருந்தும் விலக்கினேன். இன்வாய்ஸ் பிரதியும் வங்கி விவரமும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும். பெறுபவர் எதையும் தேடும் நிலை வந்தால் கடிதம் நாளைக்குத் தள்ளிப்போகும்.

ஜூன் 9, திங்கள்

கடிதம் அனுப்புவதைவிட, எப்போது அனுப்பக் கூடாது என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்வதே கடினமான வேலை. பணம் செலுத்திவிட்டவருக்கு மறுநாள் காலையில் நினைவூட்டல் போய்ச் சேர்ந்தால், பல மாதங்களாக வளர்த்த நல்லுறவு ஒரே கடிதத்தில் கசந்துவிடும்.

தொகை முழுவதும் வந்ததா என்று மட்டும் பார்ப்பது போதாது. சில வாடிக்கையாளர்கள் சட்டப்படி வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் ஷா (SHA) முறை என்றால் வங்கிக் கட்டணம் இரு தரப்புக்கும் பங்காகும், பென் (BEN) முறை என்றால் முழுக் கட்டணமும் பெறுபவர் தலையில் விழும். இடைநிலை வங்கியும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு வரும் தொகை இன்வாய்ஸில் உள்ளதோடு ஒருபோதும் பொருந்தாது. இத்தகைய சிறு குறைவுக்காக இயந்திரம் ஒருவரைத் துரத்துவது முறையல்ல. ஆகவே ஏதாவது ஒரு தொகை வரவு வைக்கப்பட்டவுடனே நினைவூட்டல் நின்று, அந்த வரி மஞ்சள் நிறமாகும். மீதியை நான் பார்த்துத் தீர்மானிப்பேன்.

வாடிக்கையாளர் பதில் எழுதினாலும் இதே நிறுத்தம்தான். “இரண்டாம் பகுதியில் திருத்தம் தேவை” என்று அவர் எழுதியிருக்க, அதைப் படிக்காமலேயே அடுத்த நினைவூட்டல் போவது அவமதிப்பு. வேலையின் தரம் குறித்துக் கேள்வி எழுந்துவிட்டால் அது வசூல் விவகாரம் அல்ல, வேலை விவகாரம். மனிதர்தான் பேச வேண்டும்.

ஜூன் 11, புதன்

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தினசரி டிரிகர் வைத்தேன், அதாவது ஸ்கிரிப்ட் நாள்தோறும் தானாக ஓடும்படி அமைத்தேன். காலை ஒன்பது மணி என்று தேர்ந்தெடுத்தாலும் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே ஏதோ ஒரு நேரத்தில்தான் அது ஓடும். இந்த வேலைக்கு அது போதும். ஸ்கிரிப்ட் புராஜெக்டின் நேர மண்டலத்தைச் சரிபார்ப்பது முக்கியம், அது மாறியிருந்தால் கெடு நாள் ஒரு நாள் முன்னும் பின்னும் போகும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பேருக்கு அனுப்பலாம் என்பது ஒரு தனி மனிதரின் தொழிலுக்குத் தாராளம்.

நினைவூட்டல், இன்வாய்ஸ் போன அதே மின்னஞ்சல் தொடரில் பதிலாகப் போகும்படி அமைத்தேன். புதிய மின்னஞ்சலாகப் போனால் பழைய உரையாடலை மறுமுனையில் யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். கடிதம் போனவுடனே ஷீட்டில் தேதி பதிவாகிறது. அந்தப் பதிவு இருக்கும்வரை ஸ்கிரிப்ட் மறுபடி ஓடினாலும் அதே கடிதம் இரண்டாம் முறை போகாது. சனி, ஞாயிறு விலக்கு.

ஜூன் 16, திங்கள்

மூன்றாம் கடிதத்தில் சட்டத்தைக் குறிப்பிடலாமா என்று யோசித்தேன். தாமதமாகும் பணம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/7 எண் சட்ட நெறிமுறைப்படி, தொழில் நிறுவனங்களுக்கு இடையே தாமதமாகும் தொகைக்கு ஐரோப்பிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி விகிதத்திற்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி வட்டியும், வசூல் செலவுக்குக் குறைந்தது 40 யூரோவும் கேட்கலாம். அந்த வட்டி உரிமைக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கான கெடுவை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் நீட்ட விடுவதில்லை. நியூயார்க் நகரம் ஃப்ரீலான்ஸர்களுக்கெனவே 2017இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் தேதி இல்லையெனில் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது அதன் விதி.

இந்த உரிமைகள் பெரும் போராட்டத்தின் பலன்கள், அவற்றை அறியாமல் தொழில் செய்வது நமக்கே நஷ்டம். ஆனாலும் இயந்திரம் அனுப்பும் கடிதத்தில் சட்டப் பிரிவு இடம்பெறக் கூடாது என்றே முடிவு செய்தேன். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதைப் படித்துப் பார்த்த ஒருவர்தான் வட்டி கேட்டு எழுத வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

கெடுவுக்கு முந்தைய கடிதத்திற்குக் கணக்குப் பிரிவு ஒன்றிலிருந்து பதில் வந்தது: “வங்கி விவரப் படிவம் எங்களிடம் இல்லை. அது வந்தால் வெள்ளிக்கிழமைச் சுற்றில் சேர்க்கிறோம்.” படிவம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. இப்படி ஒரு படிவம் தேவை என்று வேலை தந்தவருக்கே தெரியாது. அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் நல்லெண்ணத்தோடு “விசாரிக்கிறேன்” என்றே சொல்லியிருப்பார்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று கடிதத்திற்கும் பதில் இல்லாத இன்வாய்ஸ் ஒன்று சிவப்பாக நிற்கிறது. ஸ்கிரிப்டின் வேலை அதோடு முடிந்தது. போன கடிதங்களின் தேதிகள் ஷீட்டில் ஒழுங்காக இருப்பதால், பேசுவதற்கு வேண்டிய ஆதாரம் கையில் இருக்கிறது. நாளை காலை நேரடியாகத் தொலைபேசியில் அழைப்பேன், அன்றே அந்த உரையாடலை எழுத்திலும் அனுப்புவேன், நிலுவை தீரும்வரை அடுத்த வேலையைத் தொடங்க மாட்டேன் என்பதையும் அதில் தெளிவாகச் சொல்வேன்.

புதிய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் படிவத்தில் இன்று மூன்று வரிகள் சேர்த்தேன்: கணக்குப் பிரிவின் மின்னஞ்சல் எது, கொள்முதல் ஆணை எண் தேவையா, பணப்பட்டுவாடா எந்த நாள்களில் நடக்கிறது.